எப்போது தயார்? டெபியன் லினக்ஸின் கதை

கல்லிடைக்குறிச்சி என்றாலே அப்பளம்தான். சரியாகக் காயாததைக் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், அதிகம் காய்ந்தால் நொறுங்கும். எப்போது எடுக்கலாம் என்று பார்த்துப் பழகிய கைக்குத்தான் தெரியும். மென்பொருளிலும் இதே தலைவலி உண்டு!

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் உருவாக்கியது. அதற்கு அடிப்படை டெபியன். இப்படி ஒரு சிற்றூரில், வீட்டில் இணையம் இல்லாத பிளஸ் டூ மாணவனுக்கு, உள்ளே ஏற்றிக் கொடுத்ததுதான் எல்லாமே. பழுது இருந்தால் மறுநாளே புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ள முடியாது. ஆகவே "இது தயார்" என்று டெபியன்காரர்கள் சொல்வது அவனையும் பாதிக்கும் விஷயம்.

டெபியனை 1993 ஆகஸ்டில் தொடங்கியவர் இயன் முர்டாக். முதலாளி கிடையாது, தன்னார்வலர்கள்தான். 1995 டிசம்பரில் ஒரு கூத்து நடந்தது. இன்ஃபோமேஜிக் என்ற குறுந்தகடு நிறுவனம், இன்னும் வேலை முடியாத நகலை எடுத்து "டெபியன் 1.0" என்று பெயர் போட்டு வெளியிட்டுவிட்டது. அந்தத் தகட்டோடு குழப்பம் வரக்கூடாதே என்று குழுவினர் 1.0 என்ற எண்ணையே கைகழுவினார்கள். 1996 ஜூன் 17 அன்று வந்தது 1.1! அதிகாரபூர்வமான டெபியன் 1.0 என்று ஒன்று கிடையவே கிடையாது.

பிறகு அளவுகோல்கள் வந்தன. எல்லா வழுவும் ஒன்றல்ல. எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கலாம். பயனரின் கோப்பை அழிக்கும் வழு இருந்தால் வெளியீட்டை நிறுத்த வேண்டும். இந்த இரண்டாம் வகையை எண்ணிக்கொண்டே வருவார்கள். 2000-இல் "டெஸ்டிங்" என்ற நடுக்கிளை வந்தது. புதிய பொதி முதலில் "அன்ஸ்டேபிள்" கிளையில் சில நாள் கிடக்கும். பெரிய வழு புதிதாக எதுவும் வராவிட்டால், அது சார்ந்திருக்கும் பொதிகளும் சரியாக இருந்தால், டெஸ்டிங்குக்குப் போகும். கடைசியில் அந்தக் கிளையை உறையவைத்து, மிச்ச வழுக்களைக் களைந்து, நிலையான பதிப்பாக்குவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3.0 வந்தது 2002 ஜூலையில், 3.1 வந்ததோ 2005 ஜூனில்! நிறுவியைப் புதிதாக எழுதினார்கள், பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பும் ஏற்பாடும் தாமதமானது. அதற்குள் நிலையான பதிப்பில் இருந்தவை பழசாகிவிட்டன. புதிதாக வாங்கிய கணினியில் அதை நிறுவுவதே பாடு. இடையில், 2004 அக்டோபரில், டெபியனிலிருந்தே கிளைத்த உபுண்டு முதல் பதிப்பை வெளியிட்டு, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று கிளம்பிவிட்டது. பூசணத்துக்குப் பயந்து வெயிலிலேயே விட்ட அப்பளத்தின் கதிதான்.

2009-இல் டெபியன் ஒரு சமரசத்துக்கு வந்தது. உறையவைக்கும் காலத்தை முன்கூட்டியே, ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று குறித்துக்கொள்வது. வெளியிடும் நாளை மட்டும் வழுக்களின் எண்ணிக்கை பார்த்து முடிவு செய்வது. சரிசெய்ய யாரும் முன்வராத பொதியை அந்த வெளியீட்டிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அதன்பிறகு மூன்று வருட இடைவெளி வரவில்லை. 12-ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில்.