எபிசோட் 41: ஒரு கண் ஊசி, 14 கேஸ்

போன மாசம் எங்க டீம்ல ஒரு பக் பிடிச்சோம். மூணு மாசமா லாக்லயே இருந்திருக்கு. ‘டைம்அவுட்’னு ஒரு பொதுப் பேருக்குள்ள கிடந்ததால யாரும் உள்ள போய்ப் பார்க்கலை. அப்போ ஞாபகம் வந்தது இந்தக் கண் ஊசிக் கதை.

வயசானவங்களுக்கு வர்ற மாகுலர் டிஜெனரேஷன்ல ‘ஈர வகை’னு ஒண்ணு இருக்கு. விழித்திரைக்கு அடியில வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைச்சுக் கசியும். முகம், எழுத்து பார்க்கிற நடுப்பார்வையே மங்கிடும். இந்தக் குழாய்களை வளரச் சொல்ற புரதம் வி.இ.ஜி.எஃப். அதைத் தடுக்கிற லூசென்டிஸ் ஊசிக்கு 2006-ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பலருக்குப் போன பார்வை கொஞ்சம் திரும்பவும் வந்தது. ஒரே கஷ்டம், மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி.

அதனால இடைவெளியை நீட்டுற மருந்துக்கு எல்லாரும் காத்திருந்தாங்க. 2019 அக்டோபர்ல நோவார்ட்டிஸின் பியோவு வந்தது. ஹாக், ஹாரியர்னு ரெண்டு பெரிய சோதனைகள். முதல் வருஷத்துல பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு 12 வாரத்துக்கு ஒரு ஊசி போதுமானதா இருந்தது.

நாலே மாசம்தான். 2020 பிப்ரவரியில அமெரிக்க விழித்திரை நிபுணர்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. பியோவு போட்டபிறகு விழித்திரை ரத்தக்குழாய்கள்ல அழற்சி வந்ததா டாக்டர்கள் 14 கேஸ் சொல்லியிருந்தாங்க. அதுல 11 கேஸ்ல குழாயே அடைபட்டிருந்தது. ரத்தம் போகாத விழித்திரை செத்துடும். கசியுற குழாயை நிறுத்த வந்த மருந்து, நல்ல குழாயை அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

நோவார்ட்டிஸ் ஒரு தனி நிபுணர் குழுவைக் கூப்பிட்டது. அவங்க பழைய சோதனைகளையே திரும்பத் திறந்தாங்க. பியோவு போட்ட 1,088 பேர்ல, ‘கண் உள் அழற்சி’ன்னு பதிவான கேஸ்களோட படங்களை ஒவ்வொண்ணா பார்த்தாங்க. 50 பேருக்கு மருந்தோட சேர்ந்த அழற்சி இருந்ததா முடிவு பண்ணாங்க. அதுல 36 பேருக்கு ரத்தக்குழாயிலும் அழற்சி. 23 பேருக்கு அடைப்பும் இருந்தது. அழற்சி வந்தவங்கள்ல 8 பேருக்குப் பார்வை அட்டையில 15 எழுத்தோ அதுக்கு மேலயோ போயிருந்தது.

அதாவது, டேட்டா முதல்லயே இருந்தது. ஆனா சராசரியில மருந்து நல்லா வேலை செஞ்சது. 1,088 பேர்ல 8 பேர் சராசரிக்குள்ள காணாமப் போயிடுவாங்க. தன் நோயாளியோட கண்ணைப் பார்த்த டாக்டருக்கு மட்டும் அது சராசரி இல்லை. அவர் எழுதி அனுப்பினதாலதான் மத்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. 2020 ஜூன்ல மருந்தோட லேபிள்லயே இந்த எச்சரிக்கை ஏறுச்சு.

இதைக் கேட்டுட்டு ஊசியே வேண்டாம்னு வீட்ல சொல்லிடாதீங்க. சிகிச்சை இல்லாத ஈர வகை பல மடங்கு ஆபத்து. எங்க பாட்டியும் வேற ஒரு ஊசி போட்டுக்கிறாங்க. போன வாரமும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஊசிக்கு அப்புறம் கண் வலி, சிவப்பு, புதுசா மிதக்குற புள்ளிகள், பார்வை மங்கல்னு எது வந்தாலும் அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடணும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லடா’ன்னு பாட்டி சொல்லுவாங்க. நம்பாதீங்க. அந்த 14 கேஸும் யாரோ ஒருத்தர் போய்ச் சொன்னதுலதான் ஆரம்பிச்சது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.