ரீமிக்ஸ்

ஒலிப்பதிவான பாடலின் குரல், தாளம், பேஸ் கிட்டார் முதலிய தடங்களைத் தனித்தனியே எடுத்து, கூட்டியும் குறைத்தும் நீட்டியும் அதற்கு வேறு வடிவம் கொடுப்பது ரீமிக்ஸ். பழைய பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடிப் பதிவது கறாராகப் பார்த்தால் இதில் சேராது. மூலப் பதிவின் ஒலிதான் இங்கே கச்சாப்பொருள். பதிவான ஓசைகளைக் கொண்டே இசையமைக்கும் சோதனையைப் பிரான்சில் பியர் ஷேஃபர் 1948-லேயே செய்துவிட்டார். ஆனாலும் ரீமிக்ஸை வளர்த்தெடுத்தது ஆடவந்த கூட்டம்தான்.

1960-களில் ஜமைக்காவின் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி ஆட்டம் நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்களிடையே கடும் போட்டி. எதிராளியிடம் இல்லாத இசைத்தட்டு யாரிடம் இருக்கிறதோ, கூட்டம் அவர் பக்கம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரூடி ரெட்வுட், டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஒலிக்கூடத்தில் பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டுக்குத் தனித்தட்டு போடச் சொன்னார். பொறியாளர் பைரன் ஸ்மித் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. குரலில்லாத் தட்டு சுழன்றபோது கூட்டமே பாடியதாம். விரைவில் ஜமைக்கத் தட்டுகளின் மறுபக்கத்தில் ‘வெர்ஷன்’ என்ற பெயரில் குரல் நீக்கிய வடிவம் வருவது வழக்கமாயிற்று. அந்த வெற்றிடத்தில் யு-ராய் போன்றவர்கள் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசினார்கள்.

குரலை நீக்கும் இந்த உத்தியைக் கலையாக்கியவர் கிங் டப்பி (1941–1989). ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் பழுதுபார்த்தவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே சிறிய ஒலிக்கூடம் வைத்திருந்தார். நான்கு தடங்கள்தான் கையில். குரலைத் திடீரென வெட்டுவார். கடைசிச் சொல்லை மட்டும் எதிரொலியில் அலையவிடுவார். டிரம்மும் பேஸும் தனித்து நிற்கும். ‘டப்’ எனப்பட்ட இந்த இசையில் மிக்ஸிங் மேசையே வாத்தியம், பொறியாளரே வித்வான்.

நியூயார்க்கின் தேவை வேறு. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் களத்தைவிட்டு விலகுவதைக் கவனித்த டாம் மோல்டன், 1970-களின் முதற்பாதியில் தாளப் பகுதிகளை நீட்டித் தொகுத்தார். ஒருமுறை ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோனதால் பெரிய தட்டில் பாட்டைப் பதிய வேண்டியதாயிற்று. தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை அகலமாக வெட்ட முடிந்ததால் ஒலி உரக்கவும் பேஸ் கனமாகவும் கேட்டது. 1976-இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை 12 அங்குலத் தட்டில் விற்பனைக்கு விட்டது. டிஜே வால்டர் கிப்பன்ஸ் அதை ஏறக்குறைய பத்து நிமிடமாக நீட்டியிருந்தார். அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கிங்ஸ்டனிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் 1973 முதல் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டித் தாளத் துண்டைத் தொடரச் செய்தார். ஹிப்-ஹாப் அங்கிருந்து கிளைத்தது.

1990-இல் பிரிட்டனின் டிஎன்ஏ இரட்டையர், சூசன் வேகா கருவியிசையின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பதிவில் அனுமதியின்றித் தாளம் சேர்த்தனர். பதிவின் உரிமையாளரான ஏ அண்ட் எம் நிறுவனம் வழக்குத் தொடுக்காமல் அதையே விலைக்கு வாங்கி வெளியிட்டது. மூலத்தைவிட ரீமிக்ஸே புகழ்பெற்றது.

தமிழ்த் திரையில் இச்சொல் தளர்வாகவே புழங்குகிறது. மெட்டை வைத்துக்கொண்டு புதிதாகப் பாடி, ராப் சேர்த்துப் பதிவதும் ரீமிக்ஸ்தான். ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ 2007-இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் ‘அழகிய தமிழ்மகன்’ படத்துக்கு வந்தது. அதே ஆண்டு ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டுக்கு மலேசியத் தமிழர் யோகி பி ராப் பாடினார். டப் இசை எடுத்தெடுத்து இடம் உண்டாக்கியது. நம்மவர்கள் பெரும்பாலும் சேர்த்துச் சேர்த்தே நிரப்புகிறார்கள்.

பழைய பாட்டைப் புதிதாகப் பாடிப் பதியும் மறுபதிவையும், மூலப் பதிவின் ஒலியை எடுத்தாள்வதையும் சட்டம் பிரித்தே பார்க்கிறது. மறுபதிவுக்கு 2012-க்கு முன்பு, முதல் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு போதுமானதாக இருந்தது. அவ்வாண்டில் வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அதை ஐந்து ஆண்டாக்கி, உரிமத்தொகையை முன்கூட்டியே செலுத்தவும் சொல்கிறது. மூலப் பதிவின் ஒலியையே எடுத்தாள்வதற்கு ஒலிப்பதிவு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.