விலக்கி வைத்த செலவு யார் தலையில்?

அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1944-இல், ஆலைத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்துப் பேராசிரியர் பி.பி. அதார்கர் அறிக்கை தந்தார். அதிலிருந்து 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது.

யாருக்கு? மின்சக்தியில் இயங்கி, 20 பேராவது வேலை செய்யும் ஆலைகளுக்கு. பருவகால ஆலைகளுக்குக்கூட இடமில்லை. வயல் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் வெளியே நின்றார்கள். அவர்களில் நம் மக்கள் ஏராளம். சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. வேலையை வைத்துப் பிரித்தாலே சாதி உள்ளே வந்துவிடும்.

வெளியே நிறுத்தினால் நோய் நிற்குமா? செலவு இடம் மாறியது, அவ்வளவுதான். உள்ளே இருந்தவருக்கு முதலாளியும் தொழிலாளியும் கட்டிய சந்தாவில் சிகிச்சை நடந்தது. வெளியே இருந்தவர் அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்தார். அவர் பெயரில் ஒரு பைசா சந்தாவும் அங்கே வரவில்லை. இருந்த படுக்கையும் மருந்தும்தான் பங்கு போடப்பட்டன.

முதலாளிக்குச் சந்தா மிச்சம்தான். ஆனால் அச்சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி, இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி வேலையில் அடிபட்டால் முதலாளி தனியே இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் பொருந்தியபோது, முழுத் தொகையும் அவர் தலையில் விழுந்தது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே முதலில் சந்தா கட்ட வேண்டும் என்றது 40-ஆம் பிரிவு. தோழர்களே, உங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர்களிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? அங்கிருந்து கேட்கத் தொடங்குவோம்.