சுமையும் ஈடுசெய்தலும்: மறைப் பின்னூட்டல் விரியலாக்கியின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

தொழில்நுட்ப வரலாற்றினை எழுதுவோர் பலர், கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் ஒரு தனிமனிதரின் கணநேரச் சிந்தனையாகவே சித்திரித்து வந்துள்ளனர். மறைப் பின்னூட்டல் விரியலாக்கிக்கும் அத்தகைய கதையொன்று உண்டு. 1927 ஆகஸ்ட் 2ஆந் திகதி காலை, பெல் ஆய்வுகூடப் பொறியியலாளரான ஹரல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றினைக் கடக்கும் படகில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளொன்றில் அதன் படத்தையும் சமன்பாடுகளையும் எழுதினார் என்பதே அது. கதை பொய்யன்று. ஆயின், அவரை அப்படகிலே ஏற்றிவிட்ட வரலாறு யாது என்பதே நமது வினாவாகும்.

1915இல் நியூயோர்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியால் இணைக்கப்பட்டன. நெடுந்தூரத்தில் நலிவுறும் சமிக்ஞையை வெற்றிடக் குழாய் விரியலாக்கிகள் இடையிடையே பெருக்கின. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்பிச் செலவைக் குறைக்க முனைந்தது ஏகபோகத் தொலைபேசி முதலாளித்துவம். அப்போது ஒவ்வொரு குழாயும் உண்டாக்கிய திரிபு, தொடராக அமைந்த விரியலாக்கிகளினூடே குவிந்து பேச்சைக் குலைத்தது. பிளாக் 1921இலிருந்தே இப்பிரச்சினையுடன் போராடியவர். வெளிவரும் சமிக்ஞையின் ஒரு பங்கை உள்வரும் சமிக்ஞையிலிருந்து கழித்து, பெருக்கத்தின் பெரும்பகுதியை இழப்பதன் மூலம் திரிபினைக் குறைக்கலாம் என்பதே அவர் கண்ட தீர்வு. 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இலேயே அவருக்குக் கிடைத்தது.

தீர்வு தன்னுள்ளேயே புதியதொரு முரண்பாட்டைக் கொண்டிருந்தது. திரும்பிவரும் சமிக்ஞை காலந்தாழ்த்தி வருமாயின், கழிக்கவேண்டியது கூட்டுவதாகிவிடும். விரியலாக்கி தானாகவே அலையத் தொடங்கும். எந்நிலையில் இவ்வாறு நேரும் என்பதை ஹரி நைக்விஸ்ற் 1932இல் கணிதரீதியாக நிறுவினார். பெருக்கம் மீடிறனுடன் குறையும் விதத்துக்கும் அவத்தைப் பின்னடைவுக்குமுள்ள தொடர்பை ஹென்றிக் போடெ 1940இல் விளக்கினார். இப்பின்னடைவைத் திட்டமிட்டுச் சரிக்கட்டும் உறுப்பே ஈடுசெய்தல் எனப்படுவது.

இம்முரண்பாடு தெளிவாகப் புலப்படுவது தூண்டற் சுமையிலாகும். மோட்டார்ச் சுருளுக்கு அழுத்தம் கொடுத்தவுடன் மின்னோட்டம் முழுமையாக எழுவதில்லை. அதன் தாமதம் தூண்டுதிறனைத் தடையால் வகுக்க வருவது. 5 மில்லிஹென்றியும் 2 ஓமும் கொண்ட சுருளுக்கு அது 2.5 மில்லிசெக்கன். மின்னோட்டத்தை ஆளும் விரியலாக்கி, சுமையுடன் தொடராக அமைந்த சிறு தடையொன்றின் மூலம் ஓட்டத்தை அளந்து, கட்டளையுடன் ஒப்பிடுகிறது. ஈடுசெய்யும் உறுப்பு வழுவுக்கு விகிதசமமான பங்கையும், வழுவைக் காலப்போக்கிற் கூட்டிச்செல்லும் பங்கையும் தருகிறது. இவ்விரண்டின் விகிதம் அந்த 2.5 மில்லிசெக்கனுக்குப் பொருந்துமாறு வைக்கப்படின், சுமையின் தாமதம் ஈடாகிவிடும். தடையை மாற்றாது 1 மில்லிஹென்றிச் சுருளொன்றை இணைத்தாலோ, தடம் ஏறக்குறைய ஐந்து மடங்கு விரைவுறும். விரியலாக்கியுள் மறைந்திருந்த சிறு தாமதங்கள் வெளிப்பட்டு அது அலையக்கூடும். 25 மில்லிஹென்றியாயின் அது மந்தமாகும். விரியலாக்கி மாறவில்லை, மாறியது சுமையே. எனவே, நன்கமைந்த விரியலாக்கி என்று சுமையினின்றும் பிரித்துப் பேசுவது பொருளற்றது.

இவ்வறிவும் தொலைபேசியில் மட்டும் விளைந்ததன்று. நீராவிப் பொறியின் வேகத்தைச் சீராக்கும் கருவிகளின் உறுதிநிலையை மக்ஸ்வெல் 1868இலேயே ஆராய்ந்திருந்தார். 1934இல் ஹெரல்ட் ஹேசன் ஏவல் பொறிமுறைகளின் கோட்பாட்டை வகுத்தார். இரண்டாம் உலகப்போரில் விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளின் தேவை, இயந்திர மரபையும் தொலைபேசி மரபையும் ஒன்றிணைத்தது. நீராவி ஆலை, தொலைபேசி ஏகபோகம், போர் எனும் மூன்று களங்களும் இக்கோட்பாட்டின் சமூகத் தளங்களாம்.

இதனாற் பிளாக்கின் ஆற்றல் சிறுமையுறுவதில்லை. சமூகத் தேவை வினாவை எழுப்புமேயன்றி விடையைத் தானே கணித்துவிடாது. இதனை மறப்பது யாந்திரிகப் பொருள்முதல்வாதமாகும். ஆயினும் ஆற்றலுக்கு உருவந் தருவது அது சுமக்க நேர்ந்த சுமையே. புலவரைக் காலத்தினின்றும் பிரித்துப் புகழும் இலக்கிய வரலாற்றாசிரியருக்கும், படகுக் கதையோடு நின்றுவிடும் தொழில்நுட்ப வரலாற்றாசிரியருக்கும் உள்ள குறை ஒன்றே: இருவரும் சுமையைக் கணக்கிலெடுக்க மறந்தவர்கள்.