உமிக் குழாயின் வாய்

நம் பக்கத்தில் பழைய ரைஸ் மில் எதையாவது பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பாருங்கள். சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே குன்று போல உமி குவிந்திருக்கும். அந்தக் குழாயைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளியில் படிக்கும்போது எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'பினுமாத்திக்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். பாரீஸ் நகரத்தில் நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் காற்றின் விசையால் கடிதம் அனுப்புவார்கள். 1866-ல் சோதனையாகத் தொடங்கியது 1984 வரை நடந்தது. கடிதத்தைச் சின்ன உருளைக்குள் போட்டுக் குழாயில் விட்டால் நகரத்தின் மறுமுனைக்குப் போய்விடும். எங்களுக்கு அது மாயாஜாலமாக இருந்தது. ஆனால் பள்ளி விட்டு வீட்டுக்கு வரும் வழியில், மில்லின் பின்னால் காற்று உமியைக் குழாயில் தள்ளிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இரண்டும் ஒரே வேலைதான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

காற்றால் பொருளை நகர்த்துவது தூசிக்கும் பயன்பட்டது. 1860-களில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஸ்டர்டிவன்ட் என்பவர், செருப்புத் தொழிற்சாலையில் பறக்கும் தூசியை இழுத்து வெளியேற்ற விசிறி செய்தார். பிறகு மரத்தூள், பஞ்சு என்று அது வளர்ந்தது. 1890-களில் லண்டன் மில்வால் துறைமுகத்தில் டக்கம் என்ற பொறியாளர், கப்பலின் வயிற்றிலிருந்து கோதுமையைக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஹாலந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இந்த எந்திரங்கள் வந்தபோது, மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் 1907-ல் பெரிய வேலைநிறுத்தமே செய்தார்கள். எந்திரம்தான் ஜெயித்தது.

நம் டெல்டாவுக்கு வருவோம். என் சின்ன வயதில் எங்கும் ஹல்லர் மில்தான். இரும்பு உருளை நெல்லைத் தேய்க்கும். அரிசி கொஞ்சம் நொறுங்கும், உமியும் தவிடும் ஒன்றாகப் பொடிந்து கீழே விழும். மாட்டுக்குப் போடலாம், மற்றபடி உதவாது. மில் களத்தில் முறத்தோடு உட்கார்ந்து புடைக்கும் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். 1958-ல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் கூட, கைக்குத்தல் தொழிலாளர் பிழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் புது ஆலைக்கு அனுமதி தரச் சொன்னது.

அறுபதுகளில் நவீன அரிசி ஆலைகள் வந்தன. தஞ்சாவூர் ஜில்லா அப்போது தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்தது. 1967-ல் திருவாரூர் நவீன ஆலையில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கியதுதான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்று பெரிய நிறுவனமாக நிற்கிறது. புது ஆலையில் இரண்டு ரப்பர் ரோலர்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி நெல்லின் தோலை மட்டும் உரிக்கும். அடுத்து விசிறி. அரிசியைத் தூக்க முடியாத காற்று உமியைத் தூக்கிவிடும். களத்தில் தூற்றுகிறோமே, அதே கணக்குதான். உமி தனி, தவிடு தனி. சுத்தமான தவிடு கிடைத்ததால்தான் தவிட்டு எண்ணெயே பிழைத்தது. முறம் பிடித்த பெண்களுக்கு மட்டும் வேலை போனது. அதற்கு யாரும் வேலைநிறுத்தம் செய்ததாக எனக்கு நினைவில்லை.

நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. அத்தனையும் கூடை தொடாமல் குழாயில் போகும். குழாய்க்குள் காற்று வழக்கமாக நொடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். குறைந்தால் உமி படுத்து அடைத்துக்கொள்ளும். கூடினால் குழாய் தேயும். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி மணலில் இருக்கும் அதே சிலிக்கா. அதனால் உமி குழாய்க்கு உப்புத்தாள் மாதிரி. முதலில் ஓட்டையாவது வளைவுதான். மில்களில் அந்த எல்போவின் முதுகில் தகட்டுக்கு மேல் தகடாக ஒட்டுப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, குழாயின் வாய்க்கு வருகிறேன். வாயில் சைக்ளோன் என்று ஒன்றை வைக்க வேண்டும். மேலே உருளை, கீழே புனல். காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும். உமி சுவரில் மோதிக் கீழே இறங்கும், காற்று மேலே போய்விடும். மெல்லிய தூசி கொஞ்சம் தப்பிக்கும், அவ்வளவுதான். 1880-களிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சாமான் இது. நம்மூர் மில்கள் பலவற்றில் விசிறி வாங்கினார்கள், குழாய் வாங்கினார்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள். குழாயின் வாய் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. ஒரு மில்லுக்குப் பின்தெருப் பெண்கள் போட்டது. பாதிக்கு மேல் கைநாட்டு. சோற்றில் தூசி, பிள்ளைகளுக்கு இருமல், கண்ணில் அரிப்பு, கொடியில் துணி காயப்போட முடியவில்லை என்று எழுதியிருந்தது. சாட்சிக்கு உமித்தூசியை ஒரு பொட்டலமாகக் கட்டி மனுவோடு குண்டூசியால் குத்தியிருந்தார்கள். மில்லிடம் விளக்கம் கேட்டோம். உமி பாய்லருக்கு வேண்டும், வேறு வழியில்லை என்று பதில் வந்தது. 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று குறிப்பு எழுதி மேலே வைத்தவன் நான்தான். கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பொட்டலத்தைக் கோப்பில் வைத்துத் தைக்க முடியவில்லை. அதைப் பிரித்து ஜன்னல் வழியாகக் கொட்டினேன். காற்றுக்குப் பாதி என் மேஜைக்கே திரும்பி வந்தது.

சைக்ளோன் என்று ஒரு சாமான் இருப்பது அன்று எனக்குத் தெரியாது. கேட்டறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அந்த மில்லின் குழாய் வாய் பல வருஷம் கழித்து அடைபட்டது. சைக்ளோன் வைத்து, கீழே உமி ரூமும் கட்டினார்கள். மனுவால் அல்ல. அதற்குள் செங்கல் சூளைக்காரர்களும் வெளியூர் பாய்லர்காரர்களும் உமிக்கு விலை கொடுத்து லாரி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பறந்துபோகும் உமி பறந்துபோகும் பணமாகிவிட்டது. பின்தெருவில் அப்போது கைநாட்டு வைத்தவர்களில் இரண்டு பேரைத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு அம்மா வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் தம்பி, நாலு வருஷமா" என்றார்.