சிறு சோடியின் பெறுமதி: ஒரு வரலாற்று நோக்கு

சூதாட்டம் சான்றோரின் பழிப்புக்கு உள்ளானதொன்று. எனினும், இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் நிகழ்தகவுக் கணிதம் பெருமளவிற்குச் சூதாடுவோர் எழுப்பிய வினாக்களிலிருந்தே முளைத்தது என்பது வரலாறு தரும் உண்மையாகும். அத்தகைய சிறு வினா ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு விடைகாணும் முறை காலந்தோறும் எவ்வாறு விரிந்து வந்தது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்துப் பேச்சு வழக்கிற் ‘கடதாசி விளையாட்டு’ எனப்படும் சீட்டாட்டத்தின் ஒரு வகை போக்கர். அதன் வடிவங்களுள் இன்று மிகப் பரவியிருப்பது ‘ரெக்சாஸ் ஹோல்டெம்’ என்பதாகும். ஒவ்வொருவருக்கும் இரு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். அவற்றைப் பார்த்தபின் முதற் பந்தயம் நிகழும். பின்னர் அனைவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள், முதலில் மூன்றும், அதன்பின் ஒவ்வொன்றாக இரண்டும், மேசைமீது திறந்து வைக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் பந்தயம் உண்டு. ஒருவரிடம் இரண்டு நான்குகள் சோடியாக வந்துள்ளன எனக் கொள்வோம். பொதுச் சீட்டுகள் திறக்கப்படுமுன்னரே எதிராளி பந்தயத்தை உயர்த்திவிடுகிறார். உயர்ந்த தொகையைச் செலுத்தி ஆட்டத்தில் நிற்பதா? அன்றிச் சீட்டுகளைக் கைவிட்டு விலகுவதா? இதுவே வினா.

இவ்வினாவிற்கான விடையின் முதற்கூறு போக்கர் தோன்றுமுன்னரே பிறந்துவிட்டது. இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ (1501–1576) தாமே சூதில் மூழ்கியிருந்தவர். பகடை, சீட்டு ஆகியவற்றின் வாய்ப்புகளை எண்ணிக் கணிக்க முயன்று அவர் எழுதிய நூல், அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் 1663 இலேயே அச்சேறியது. அதற்கிடையில், 1654 இற் பிரான்சில் பஸ்காலும் பேர்மாவும், இடைநடுவே நின்றுபோன ஆட்டமொன்றின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றிக் கடிதவழி ஆராய்ந்தனர். நிகழக்கூடிய யாவற்றையும் எண்ணி, அவற்றுள் வேண்டியவை எத்தனை எனக் காண்பதே அவர்கள் வகுத்த நெறி.

அந்நெறியை எமது வினாவிற்குப் பிரயோகித்துப் பார்க்கலாம். கையிலுள்ள இரண்டும் நீங்க எஞ்சியவை 50 சீட்டுகள். அவற்றிலிருந்து முதல் மூன்று பொதுச் சீட்டுகள் 19,600 வகையாக அமையலாம். அவற்றுள் மற்றொரு நான்காவது இடம்பெறுபவை 2,304 மட்டுமே. அதாவது, நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறையே சிறு சோடி மூன்றொத்த சீட்டுகளாக வலுப்பெறும். ஏனைய வேளைகளில், உயர்த்தியவரின் பெரிய சீட்டுகளுக்கு முன்னால் அது பெரும்பாலும் பயனற்றுப்போகும்.

1657 இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் வெளியிட்ட சிறுநூல், வாய்ப்பையும் பரிசையும் பெருக்கி ‘எதிர்பார்ப்பு’ என்னும் கருத்தை வகுத்தது. கட்டாயப் பந்தயமாக 15 ரூபாய் முன்னரே மேசையிற் கிடக்க, எதிராளி 30 ரூபாயாக உயர்த்துகிறார் என்க. நிற்க விரும்புபவரும் 30 ரூபாய் செலுத்தவேண்டும். 17 தடவைகளில் அவர் சராசரியாக 15 தடவை தோற்று 450 ரூபாயை இழப்பார். வெற்றியோ இரு தடவையே. எனவே ஒவ்வொரு வெற்றியும் 225 ரூபாய் ஈட்டினாலன்றி முதல் தேறாது. மேசையிற் கிடப்பதோ 45 ரூபாய். இக்கணக்கு ‘விலகுக’ என்றே தீர்ப்பளிக்கும்.

1738 இல் டானியல் பேர்னூலி வேறொரு பக்கத்தைச் சுட்டினார். பணத்தின் பெறுமதி அதனை வைத்திருப்பவரின் செல்வநிலையைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. மேற்கூறிய 17 தடவைகளும் தொடர்ந்து தோல்வியாக முடிவதற்கான வாய்ப்பே நூற்றுக்குப் பன்னிரண்டளவில் உள்ளது. செல்வந்தருக்கு அது சிறு நட்டம். வறியவருக்கோ வாழ்வின் அழிவு. ஒரே சோடி இருவருக்கும் ஒரே பெறுமதியுடையதன்று.

போக்கர் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களிலும் வளர்ந்தது. தொடக்கத்தில் அதற்குரியவை பத்து முதல் ஆசு வரையிலான 20 சீட்டுகளே. ஆகவே சிறு சோடி என்பதே அன்று இல்லை. 52 சீட்டுகளும் வழக்கிற்கு வந்த பின்னரே இவ்வினா பிறந்தது எனலாம். ஹோல்டெம் வடிவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெக்சாஸின் ரொப்ஸ்ரவுன் என்னும் ஊரில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. 1960 களில் அது லாஸ் வேகாசை அடைந்தது. 1970 இல் அங்கு தொடங்கிய உலகப் போக்கர் தொடரில், பந்தயத்திற்கு எல்லையற்ற ஹோல்டெமே விரைவில் முதலிடம் பெற்றது.

எல்லையற்ற பந்தயம் பழைய கணக்கைத் தலைகீழாக்கியது. எதிராளி தம்முன் வைத்திருக்கும் பணம் முழுவதும் ஒரே ஆட்டத்திற் கைமாறலாம். எனவே மேசையிற் கிடக்கும் பணத்தோடு, இனி வரக்கூடிய பணத்தையும் எண்ணவேண்டியதாயிற்று. டொயில் பிரன்சன் 1970 களின் இறுதியிலும், டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1980 களிலும் வெளியிட்ட நூல்கள் இச்சிந்தனையைப் பரப்பின. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் வெற்றி பெறும் ஒவ்வொரு தடவையும் மேலும் 180 ரூபாய் சராசரியாக வந்தாற் கணக்குச் சமனாகும். எதிராளியிடம் 100 ரூபாயே எஞ்சியிருப்பின் நிற்பது தவறு. ஆயிரம் இருப்பின் நிற்பது பொருந்தக்கூடும். மூன்றொத்த சீட்டுகளும் சிலவேளை தோற்குமாதலால், செலுத்தும் தொகையின் பத்து அல்லது பதினைந்து மடங்கேனும் எஞ்சியிருக்கவேண்டும் என ஆட்டக்காரர் கொள்வதுண்டு.

ஆயினும் இருக்கும் பணம் வந்தே தீரும் என்பதில்லை. 1928 இல் ஆட்டக் கோட்பாட்டிற்கு அடித்தளமிட்ட ஜோன் வொன் நியூமன், 1944 இல் மோர்கென்ஸ்ரேணுடன் எழுதிய நூலிற் போக்கரையும் ஆராய்ந்தார். வலுவற்ற சீட்டுடன் பந்தயமிடும் பொய்த்தோற்றம் வெறும் குணக்கேடன்று, சிறந்த ஆட்டத்தின் இன்றியமையாக் கூறு என அவர் காட்டினார். இதன்படி, பெருஞ்சோடியுடன் உயர்த்தியவர் அதனைக் கைவிட மனமின்றிப் பணம் செலுத்துவார். பொய்த்தோற்றம் காட்டியவரோ எதிர்ப்பைக் கண்டதும் விலகுவார். சிறு சோடியின் பெறுமதி எதிராளியின் மனத்தையும் சார்ந்தது.

2017 இல் ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணினி நிரல், எல்லையற்ற ஹோல்டெமின் இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரரை 1,20,000 ஆட்டங்களில் எதிர்கொண்டு வென்றது. 2019 இல் ‘புளூரிபஸ்’ அறுவர் ஆட்டத்திலும் மேம்பட்டது. மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேடிய விடையைப் பொறி தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது.

இவ்வரலாறு இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. முதலாவது, ஒரு தீர்மானத்தின் சரிபிழையை அதன் விளைவைக்கொண்டு மட்டும் அளத்தல் தகாது என்பதாகும். சரியாகக் கணித்து நின்றவரும் 17 இல் 15 தடவை தோற்கிறார். பிழையாக நின்றவரும் ஒருமுறை வெல்லலாம். கடந்தகால மாந்தரின் முடிவுகளை, அவற்றின் பின் நிகழ்ந்தவற்றை அறிந்தவராய் நின்று எடைபோடும் வரலாற்று மாணவர்க்கு இது பெரும் எச்சரிக்கையாகும். அன்று அவர் கையில் இருந்த சீட்டுகள் எவை, அவர் அறியக்கூடியதாக இருந்தது எவ்வளவு என்பனவே முதலில் வினவத்தக்கவை.

இரண்டாவது, இக்கணக்கின் இலாபம் வானத்திலிருந்து வருவதன்று. சிறு சோடி ஈட்டும் ஒவ்வொரு ரூபாயும், விடவேண்டிய வேளையில் விடமுடியாத இன்னொருவரின் இழப்பாகும். கணிதம் சூதிலிருந்து பிறந்து அறிவாக வளர்ந்தது. சூதோ கணிதத்தைப் பெற்ற பின்னரும் சூதாகவே நிற்கின்றது.