குருதி வகையும் வாய் நோயும்: ஊவாத் தோட்டங்கள்

ஏ, பி, ஓ குருதி வகையின் அடையாளம் செங்குழியங்களோடு நின்றுவிடுவதில்லை. கன்னத்தின் உட்தோலிலும் அது உண்டு. இதைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு 9ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஏ, பி வகையினரில் அது ஆக்கும் நொதியம், கலத்தின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இன்னொரு சர்க்கரையை ஒட்டும். ஓ வகையில் பெரும்பாலும் அந்த அலகில் ஒரேயொரு எழுத்து உதிர்ந்திருக்கும். நொதியம் வேலை செய்யாது. இந்தச் சர்க்கரைகள் உமிழ்நீரில் கலக்குமா என்பது 19ஆம் நிறமூர்த்தத்தின் வேறோர் அலகைப் பொறுத்தது. கிருமிகள் பலவும் சர்க்கரை நுனிகளைப் பற்றியே ஒட்டுவதால்தான் குருதி வகைக்கும் வாய் நோய்க்கும் தொடர்பு தேடப்பட்டது.

தேடியவர்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. வாய்ப் புற்று ஏ வகையினருக்குக் கூடுதல் என்று சில இந்திய மருத்துவமனைக் கணக்குகள் சொல்கின்றன. வேறு சில மறுக்கின்றன. ஒப்பிடும் ஆட்களைத் தெரிவதில்தான் சிக்கல். இலங்கையில் ஓ முதலிடம், பி அடுத்தது. ஆனால் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் மாறும். பசறைத் தோட்ட லயத்து நோயாளியைப் பதுளை நகரத்தாரோடு ஒப்பிட்டால், நோயின் வேறுபாடு எது, வம்சத்தின் வேறுபாடு எது என்று பிரிக்க முடியாது.

ஆனாலும் வாய் நோயைத் தாங்கும் உடல்வாகு ஆளுக்கு ஆள் வேறு என்பதற்கு, ஈறு நோயில் வலுவான சான்று பதுளையின் அயல் மாவட்டமான நுவரெலியாவிலிருந்து வந்தது. 1970இல் பல் நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைச் சோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்தனர். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அநேகமாக இல்லாத, எல்லார் பல்லிலும் காறை படிந்த கூட்டம் அது. அப்படியிருந்தும் 8 வீதத்தினருக்கே ஈறு விரைவாகக் கரைந்தது. 81 வீதத்தினருக்கு மிதமாக. 11 வீதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் போகவில்லை. அவர்களைக் காத்தது குருதி வகை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

குருதி வகையின் பங்கு தெளிவில்லாவிட்டாலும், இலங்கை ஆண்களிடையே முதலிடத்திலுள்ள வாய்ப் புற்றுக்கு வெற்றிலைப் பையே பெரிய காரணம். குளிருக்கும் பசிக்கும் கொழுந்து மலையில் அதுதான் துணை. பாக்கைப் புற்றுக்காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அது பொருந்தும். பாக்கால் கன்னத்தினுள் நார் கட்டும்போது முதலில் கட்டச்சம்பல் எரியும். பிறகு, மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரலே நுழையும். வெற்றிலையை விட்டாலும், கட்டிய நார் இளகுவது அரிது.